பூனை நக்கிய கார்

யாக்கோப்பின் வலது தோள் கரைவலைக் கயிற்றில்தான் போனது. வலையின் மடி மீனால் நிறைந்து வந்த ஒரு நாள், அது கரையேறுகிற நேரத்தில் கடல் ஒருதரம் தன் பக்கம் இழுத்தது. முன்னால் நின்றவன் கயிற்றை விட்டுவிட்டான்; யாக்கோப்பு விடவில்லை. மூட்டு கழன்றுவிட்டது. முறிவு வைத்தியர் தன் காலை அவன் விலாவில் ஊன்றி இழுத்து மூட்டைப் பொருத்தினார், எண்ணெய்ச் சீலை கட்டினார், சும்மா இருக்கச் சொன்னார். சும்மா இருந்தும் பார்த்தாயிற்று. கையைத் தலைக்கு மேலே தூக்கினால் உள்ளே எதுவோ நறுக்கென்று கடிக்கிறது. தோள் இல்லாதவனுக்கு முல்லைத்தீவுக் கரையில் மிஞ்சுவது, மற்றவன் இழுத்துப் போட்ட மீனைப் பொறுக்கிக் கூடையில் போடுகிற வேலை. அதைக் கிழவிகளும் செய்வார்கள்.

கார் வந்தது அதனால்தான்.

மனைவி றோசம்மாவின் தம்பி லோறன்ஸ் கருவாட்டு லொறி ஓட்டுகிறவன். முள்ளியவளைப் பக்கம் ஒரு நில அளவையாளர் மாற்றலாகிப் போகிறபோது விட்டுப்போன ஒஸ்ரின் கார் ஒன்று மாட்டுக் கொட்டிலுக்குள் கிடப்பதை அவன் கண்டுபிடித்தான். இரண்டு பேருமாக அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். லோறன்ஸ் எஞ்சினைக் கழற்றிப் பூட்டினான். யாக்கோப்பு லொறியிலேயே ஓட்டப் பழகி, ஓட்டுரிமமும் எடுத்துவிட்டான். காரைத் திருப்புகிற வளையம் நெஞ்சு உயரத்தில் இருக்கிறபடியால் தோள் கடிக்கவில்லை. கார் நன்றாக ஓடியது. ஆனால் அதன் தோல் சொறிக் குட்டை பிடித்த நாயின் தோல் மாதிரி இருந்தது. சில்லுக்கு மேலே வளைந்த மட்காட்டில் கை வைத்தால் கை முழுக்கத் துருக் கறளாகும். கதவைச் சாத்தினால் எங்கேயாவது ஒரு துண்டு உதிரும்.

அந்தக் காரில் முதலில் ஏறிய பெரிய மனிசன் பரந்தன் அரிசி ஆலை முதலாளி நடராசா. முல்லைத்தீவுக் கோட்டுக்கு ஒரு காணி வழக்காக வந்து, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, வேறு வழியில்லாமல் ஏறினார். பரந்தனில் இறங்கினதும் காரைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தார்.

"கார் நல்லா ஓடுது யாக்கோப்பு. நீரும் பதனமா ஓடுறீர். ஆனா இதிலை இருந்து நான் இறங்கிறதைக் கண்டா, நடராசா முறிஞ்சு போனான் எண்டெல்லோ சனம் கதைக்கும்."

"வெளிப்பூச்சுத்தான் முதலாளி. உள்ளுக்குச் சுகமாத்தான் கிடக்கு."

"உள்ளுக்கை ஆர் எட்டிப் பாக்கிறான்? வைகாசியிலை மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளையைப் பளையிலை இருந்து ஏத்தி வரவேணும். அதுக்குள்ளை இதுக்கு ஒரு நல்ல உடுப்பைப் போடும். கலியாணம் வடிவா ஒப்பேறினா ஆலை ஓட்டமும் உமக்குத்தான். கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் எண்டு எனக்குக் கிழமை முழுக்க அலைச்சல்."

யாக்கோப்பு காரைத் திருப்பி ஓட்டிவரும்போது வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தான். ஆலை ஓட்டம் கிடைத்தால் கயிறு வேண்டாம், கூடையும் வேண்டாம். கிடைக்காவிட்டால் வருகிற சோளகக் காற்றுக் காலத்துக்கு, வலைக்குச் சொந்தக்காரனான சம்மாட்டியின் மீன்வாடி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

மறுநாளே வேலையைத் தொடங்கினான். கிடுகுக் கொட்டிலுக்குள் காரை விட்டு, காற்று வருகிற பக்கம் பழைய பாயைக் கட்டினான். கார் தேய்ப்பதற்கென்று கொழும்பில் ஒரு வகைத் தாள் விற்கிறார்களாம், லோறன்ஸ் சொன்னான். யாக்கோப்பிடம் காய்ந்த திருக்கைத் தோல் இருந்தது. துடுப்புப் பிடியை அவன் அதனால்தான் தேய்ப்பான். முரட்டுக் கறளுக்குத் திருக்கைத் தோல், அதற்குப் பிறகு தண்ணீர் தொட்டுக் கணவாய் ஓடு. தோள் கடிக்காமல் இருக்க இடது கையால் தேய்த்தான்.

தேய்க்கத் தேய்க்கக் காரே வேறாகிக்கொண்டு வந்தது. கறுப்புக்குக் கீழே பச்சை. இலைப் பச்சையில்லை, சேற்றுப் பச்சை. அதற்குக் கீழே மண்நிறம். கதவுப் பக்கம் மண்நிறத்தின் மேல் வெள்ளை இலக்கங்கள் பாதி அழிந்து தெரிந்தன. றோசம்மா மீன் அரிந்த கையோடு வந்து பார்த்தாள்.

"சண்டைக் காலத்து ஆமிக்கார் போல கிடக்கு" என்றாள். "வெள்ளைக்காரன் ஓட்டியிருப்பான்."

"கீழை இன்னும் கிடக்கு. பொறு."

"என்னத்தைத் தேடுறியள்? கார் பூசுறியளோ, கிணறு வெட்டுறியளோ?"

மண்நிறத்துக்குக் கீழே ஒரு நீலம் இருந்தது. ஆழம் குறைந்த கடலின் நீலம். அவன் அதைத் தேய்க்காமல் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டு நின்றான். தன்னுடையது என்று நினைத்த சாமானை எத்தனை பேர் தங்களுடையதாக்கிப் பூசியிருக்கிறார்கள். பிறகு அதையும் தேய்த்தான். வெறும் இரும்பு வந்தது.

இரும்புக்கடையில் வாங்கிய கறுப்பு இனாமலை இரண்டு கை பூசினான். காய்ந்ததும் கொட்டில் முழுவதும் பளபளத்தது. லோறன்ஸ் வந்து தன் முகத்தைக் கதவில் பார்த்து மீசையை ஒதுக்கினான். அடுத்தடுத்த கிழமை மட்காட்டில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பின. யாக்கோப்பு ஒன்றை நகத்தால் கிள்ளினான். உள்ளே கறள் தண்ணீர். கரைக்காற்றில் உப்பு வருகிறது, கிணற்றிலும் உவர். தேய்த்து வெறுமையாக்கிய இரும்பு அதைக் குடித்துவிட்டு, மேலே பூசின கறுப்பை வயிறு ஊதத் தள்ளுகிறது.

"காருக்கு அம்மாள் போட்டிருக்கு அத்தான்" என்றான் லோறன்ஸ். "வேப்பிலை கட்டி விடுவமோ?"

"பகிடியை விடடா. இஞ்சை எல்லா இரும்பும் கறள் பிடிக்கும். பிடியாத இரும்பு ஏதும் நீ கண்டிருக்கிறியே?"

"நங்கூரமே பிடிக்குது. பிறகென்ன."

அந்தக் கேள்வி யாக்கோப்பை விடவில்லை. மூன்று நான்கு நாள் கரையில் இரும்பைத் தேடிக்கொண்டு திரிந்தான். நங்கூரம் கறள். வாடியின் பூட்டுக் கறள். கோயில் மணிக்கூண்டின் கம்பி கறள். கடைசியில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தின் வயிற்றில் அதைக் கண்டான். ஒட்டுப்போட்ட பலகையை யாரோ இரும்பாணியால் அடித்திருந்தார்கள். ஆணியின் தலை கறுப்பாக, முழுசாக இருந்தது. கத்தி முனையால் சுரண்டினான்; பளிச்சென்று வெள்ளி மின்னியது. அந்த வள்ளத்துக்கு ஒவ்வொரு வருடமும் சுறா எண்ணெயில் குங்கிலியத்தைப் போட்டுக் காய்ச்சிப் பூசுகிறார்கள். பலகை உளுத்துப் போகாமல் இருக்கத்தான் பூசுகிறார்கள். ஆணிக்கு என்று யாரும் பூசவில்லை.

வீட்டுக்கு வந்து, காரின் அடியில் இருந்து இற்று விழுந்த தகரத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தேய்த்தான். ஒன்றுக்கு ஒன்றும் பூசவில்லை. ஒன்றுக்கு வெறும் இனாமல், ஒன்றுக்குத் தேங்காயெண்ணெய், ஒன்றுக்கு மண்ணெண்ணெய், ஒன்றுக்குக் காய்ச்சின சுறா எண்ணெய். எல்லாவற்றையும் வேலியில் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் சிரட்டையால் கடல்தண்ணீர் ஊற்றினான். கரையால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன றோசம்மா, உன்ர மனிசன் தகரத்துக்குத் தண்ணி ஊத்தி வளக்கிறார்?"

"ஓம், காய்ச்சா உனக்கும் ரெண்டு தாறன்" என்றாள் றோசம்மா.

வெளியில் அப்படிச் சொன்னாலும் அவளும் விடியற்காலையில் முதலில் வேலிப்பக்கம்தான் போனாள். ஒன்றும் பூசாதது இரண்டாம் நாளே சிவந்தது. மண்ணெண்ணெய்த் தகரம் அதற்குப் பின்னால் போனது. தேங்காயெண்ணெய் வழுக்கிக்கொண்டே கிடந்தது. அதன் மேல் இனாமலை வைத்தால் ஒட்டாமல் சுருண்டது. சுறா எண்ணெய் வெயிலில் தோல்போல் இறுகிப்போயிற்று. அதன் மேல் இனாமல் பிடித்தது. கிழமைகள் போயும் சிவக்கவில்லை.

அவ்வளவுதான். சித்திரை வெயிலில் காரை மறுபடியும் இரும்பு வரைக்கும் தேய்த்தார்கள். பெரிய கிடாரத்தில் சுறா எண்ணெயும் குங்கிலியமும் கொதித்தது. ஈரலில் இருந்து நேரே வடித்த எண்ணெய். யாக்கோப்பு அதை மேலே கீழே, கதவு விளிம்பு, மட்காட்டின் உட்பக்கம், எஞ்சினை மூடுகிற பொனற்றின் அடிவயிறு என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தான். அது இறுகியபின் வெளிப்பக்கம் எல்லாம் கறுப்பு இனாமல் இரண்டு கை. உட்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே விட்டான்.

கார் கறுப்புக் கண்ணாடிபோல நின்றது. கிழமைகள் போயும் கொப்புளம் வரவில்லை. வீட்டுப் பூனைகள் அதன் கீழே போய்ப் படுத்தன. அந்த வீட்டில் பூனைகள் எதன் கீழேதான் படுக்காது.

கலியாண நாள் விடியப் புறப்பட்டான். பரந்தனில் நடராசாவின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினபோது விடியற்குளிர் இன்னும் போகவில்லை. நடராசா பொனற்றில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"அட, உம்முடைய கார்தானோ இது?"

"அதேதான் முதலாளி."

மாலை கட்டினார்கள். கண்ணாடிக்கு மேலே தென்னங்குருத்துத் தோரணம். பெண்ணின் தமையன் கனகலிங்கம் தோழனாகப் பட்டுவேட்டியோடு பின் ஆசனத்தில் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினான். மாப்பிள்ளையை அழைத்துவருவது தோழன் பொறுப்பு. ஆனையிறவு வெளி தாண்டுகிறபோது வெயில் ஏறிவிட்டது. கனகலிங்கம் மூக்கைச் சுழித்து, "இந்தக் கடல்நீருக்கு என்ன மணமப்பா" என்று கண்ணாடியை ஏற்றினான். வெளி கழிந்தபிறகும் மணம் கழியவில்லை. அவன் தட்டத்தில் இருந்த பூவை எடுத்து மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டான். நல்ல நாளும் அதுவுமாக என்னத்தைச் சொல்வது.

பளையில் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் நிழல் எல்லாம் பந்தலுக்குப் போய்விட்டது. காரை வெயிலில்தான் நிறுத்த இடம் இருந்தது. உள்ளே மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லுமாகப் பாலறுகு வைத்து முழுக்காட்டிக்கொண்டிருந்தார்கள். யாக்கோப்பு வேலியோரம் குந்தியிருந்து வெற்றிலை போட்டான்.

முதலில் ஒரு வெள்ளைப் பூனை வந்தது. மட்காட்டுக்குக் கீழே தலையை விட்டு நக்கியது. பிறகு சாம்பல் நிறத்தில் இரண்டு வந்தன. பிறகு வேலிக்குள்ளால், பக்கத்து வளவில் இருந்து, கிணற்றடியில் இருந்து. யாக்கோப்பு எழும்பிக் கல்லெடுத்து எறிந்தான். அவை காருக்குக் கீழே போய் அங்கிருந்து நக்கின. முற்றத்தில் நின்ற சனம் சிரிக்கத் தொடங்கியது. மேளகாரர் தவிலை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

சிரிப்புக் கேட்டு மாப்பிள்ளையின் மாமி பத்மாசனி வெளியே வந்தா. மரக்கறிச் சாப்பாட்டுக்காரி. அந்த வீட்டில் அவா சொன்னதுதான் சட்டம். பந்தல் காலடியிலேயே நின்றுவிட்டா.

"என்ன வெடுக்கு இது?"

அவா மூக்கை உயர்த்தி இன்னொருதரம் இழுத்தா.

"மீன் வெடுக்கு. கலியாண வீட்டு முத்தத்திலை. எங்கையிருந்து வருது?"

கனகலிங்கம் காரைப் பார்த்தான். எல்லாரும் காரைப் பார்த்தார்கள். யாக்கோப்பும் பார்த்தான்.

"டிக்கியைத் திறவும்" என்றா பத்மாசனி.

திறந்தான். ஒரு கயிறும் உதிரிச் சில்லும் கிடந்தன. ஆசனத்தைத் தூக்கச் சொன்னா, தூக்கினான். கால் மிதிக்கிற பாயை உதறச் சொன்னா, உதறினான். மாப்பிள்ளை வீட்டு இளந்தாரிகள் இரண்டு பேர் படுத்துக்கொண்டு காருக்கு அடியில் தேடினார்கள். யாக்கோப்பும் உண்மையாகவே தேடினான். ஏதாவது ஒரு கருவாட்டுத் துண்டு லோறன்ஸின் லொறியில் இருந்து தவறி விழுந்திருக்கலாம் என்று நினைத்தான். ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். அவனுக்கோ சாம்பிராணியும் மல்லிகையும்தான் மணந்தன.

"எனக்கொண்டும் மணக்கேல்லையே அம்மா" என்றான்.

"உனக்கு எப்பிடி மணக்கும்" என்றா அவா.

அந்தச் சொல் அவனுக்குச் சுட்டது. சுட்டாலும், அந்தச் சூடு ஆறுவதற்கு முன்னால் வேறொன்று பிடிபட்டது. வெள்ளைப் பூனை மட்காட்டின் வெளிப்பக்கத்தை நக்கவில்லை. உட்பக்கத்தைத்தான் நக்குகிறது. அவன் குனிந்து உள்ளே விரலை விட்டான். வெயிலில் எண்ணெய் இளகி விரலில் பசையாக ஒட்டியது. மறைத்துவிட்டுப் போயிருக்கலாம். மறைத்துப் பழக்கமில்லாதவன்.

"கறள் பிடியாமல் இருக்க அடியிலை சுறா எண்ணெய் பூசினனான் அம்மா. அதுதான் போல."

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு கொடுப்புக்குள் சிரித்தார்கள்.

"பாலறுகு வைச்சு முழுகின பிள்ளையைக் கொண்டுபோய்ச் சுறாவிலை ஏத்தச் சொல்லுறியோ?" பத்மாசனி கனகலிங்கத்தின் பக்கம் திரும்பினா. "தம்பி, உங்கட வீட்டை வேறை கார் கிடைக்கேல்லையே?"

தலைப்பாகையோடு வெளியே வந்த மாப்பிள்ளை, "கண்ணாடியைத் திறந்துவிட்டா ஓடேக்கை தெரியாது மாமி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். மாமி அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

வேறு கார் பளையில் அன்று இல்லை. முகூர்த்தம் போகிறது என்று பெரியவர்கள் பதைத்தார்கள். கடைசியில் பக்கத்து வளவில் நின்ற உழவு மெசினைக் கொண்டுவந்து, அதன் பின்னால் பூட்டின இழுவைப் பெட்டியைக் கழுவினார்கள். கதிரை இரண்டு தூக்கி வைத்தார்கள். காரில் கட்டின மாலைகளையும் தோரணத்தையும் அவிழ்த்துப் பெட்டியில் கட்டவேண்டும். முடிச்சு இறுகிவிட்டது, இளந்தாரிகள் பல்லால் கடித்து இழுத்தார்கள். யாக்கோப்பு போய் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்தான். கயிறும் முடிச்சும் அவன் பிறந்த நாளில் இருந்து தெரிந்த சாமான். உயரத்தில் கிடந்த முடிச்சுக்குக் கையைத் தூக்கியபோது தோள் நறுக்கென்று கடித்தது. சத்தம் போடாமல் அவிழ்த்தான்.

புறப்படுகிற நேரம் கனகலிங்கம் அருகில் வந்தான். கோபத்தை விட வெட்கம்தான் அவன் முகத்தில் தெரிந்தது.

"நீங்கள் ஊருக்குப் போங்கோ. ஆலைப் பக்கம் இப்ப வரவேண்டாம். அப்பா என்ன சொல்லுவாரோ தெரியாது."

உழவு மெசின் புகை கக்கிக்கொண்டு போனது. கதிரையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை ஆடி ஆடிப் போனான். பூனைகள் காரோடு நின்றுவிட்டன.

யாக்கோப்பு வெறுங்காரோடு திரும்பினான். பரந்தனில் திரும்பி, முல்லைத்தீவு றோட்டில் வருகிறபோது, நெஞ்சில் ஏறினது துக்கமா ஆத்திரமா என்று அவனுக்கே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு பேருக்கு மணக்கிறது தனக்கு மட்டும் ஏன் மணக்கவில்லை? றோட்டோரம் நிறுத்தி இறங்கி, மட்காட்டுக்குள் மூக்கை விட்டு இழுத்தான். இரும்பு மணந்தது. புழுதி மணந்தது. சுறா மணக்கவில்லை.

தருமபுரத்தில் ஒரு குடியேற்றக்காரர் கொட்டில் போட்டு வத்தகப்பழம் குவித்து வைத்திருந்தார். வீரகத்தி என்று பேர். யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து காணி கிடைத்து வந்தவர். யாக்கோப்பு காரை ஓரங்கட்டினான்.

"அண்ணை, உங்கட மூக்கை ஒருக்காத் தாங்கோ."

"பழத்துக்கு நிப்பாட்டுறியள் எண்டு பாத்தா மூக்கெல்லோ கேக்கிறியள்."

"பழமும் வாங்கிறன். இந்தக் காரை ஒருக்கா மணந்து சொல்லுங்கோ."

வீரகத்தி அவனை மேலும் கீழும் பார்த்தார். வெயில் தலைக்கு ஏறின ஆளோ என்று யோசித்திருப்பார். ஆனால் காலையில் இருந்து ஒரு பழமும் போகவில்லை. மனிதனுக்கும் பொழுது போகவேண்டும். எழும்பி வந்து காரைச் சுற்றினார்.

"வெடுக்கு அடிக்குது."

"எங்கையிருந்து? அதுதான் எனக்கு வேணும்."

வீரகத்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். பொனற்றில் மூக்கை வைத்தார். "இதிலை இல்லை." கதவின் நடுவில் வைத்தார். "இதிலையும் இல்லை." கதவைத் திறந்து விளிம்பில் வைத்து, பாம்பு தீண்டினவர்போல் தலையை இழுத்தார். "இஞ்சை கிடக்குதப்பா உங்கட சுறா." மட்காட்டின் உட்பக்கத்துக்குப் போகாமலே கையைக் காட்டினார். பொனற்றைத் தூக்கச் சொல்லி, தூக்கினதும் இரண்டடி தள்ளி நின்றார்.

"மேலை கறுப்புப் பூசின இடம் ஒண்டும் மணக்கேல்லை. பூசாமல் விட்ட இடமெல்லாம் மணக்குது. நான் சொல்லுறது விளங்குதோ?"

விளங்கியது. யாக்கோப்பு இரண்டு வத்தகப்பழம் வாங்கிக்கொண்டு போனான்.

வீட்டில் றோசம்மாவுக்கு ஆத்திரம். பத்மாசனி சொன்ன வார்த்தையை அவன் சொல்லாமலே விட்டிருக்கலாம், சொல்லிவிட்டான்.

"எங்கட மணம் அவையளுக்கு ஆகாதாம். சரி, ஆகாட்டி விடட்டும். எல்லாத்தையும் சுரண்டிப்போட்டு வெறும் பெயின்ற்றை அடியுங்கோ. ஓட்டமெண்டாலும் மிஞ்சும்."

"சுரண்டினா மாரிக்கு முதலே இத்துப்போம். பிறகு காரும் இல்லை, ஓட்டமும் இல்லை."

"மணத்தாலை ஓட்டம் இல்லை, கறளாலை கார் இல்லை. அப்ப என்னதான் செய்யப் போறியள்?"

அவன் உட்பக்கம் எல்லாம் பூசினான். நிலத்தில் மல்லாந்து கிடந்து, இடது கையால், பிறஷ் நுழையாத இடத்துக்குச் சீலைத்துண்டைக் குச்சியில் சுற்றிப் பூசினான். இனாமல் முகத்தில் வடிந்து இறுகியது. லோறன்ஸ் அவனைப் பார்த்து, "இனி அத்தானுக்கும் கறள் பிடியாது" என்றான். காய்ந்ததும் தருமபுரத்துக்குப் போனான். வீரகத்தி இந்த முறை அவனைக் கண்டதுமே எழும்பி வந்து, கேட்காமலே கதவைத் திறந்து மணந்தார்.

"குறைஞ்சிருக்கு. ஆனா இல்லையெண்டு சொல்லமாட்டன். உச்சி வெயிலிலை நிண்டா கொஞ்சம் அடிக்கும்."

கொஞ்சம் அடிக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முல்லைத்தீவுக்குத் திரும்பிப் போனால் சம்மாட்டியின் வாடி. நேரே போனால் பரந்தன். வரவேண்டாம் என்று சொன்ன இடம். யாக்கோப்பு காருக்குள் ஏறி இருந்து ஒரு வெற்றிலையை மென்று முடிக்கிறவரை யோசித்தான். பிறகு பரந்தனுக்கு விட்டான். ஒளித்துக் கொண்டுபோவதற்கு ஒன்றுமில்லை. வெயில் உச்சிக்கு ஏறின நேரத்தில், ஆலை முற்றத்தின் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். மணந்தால் மணக்கட்டும்.

ஆலைக்குள் அவன் முன்பு வந்ததில்லை. வாசலுக்குள் கார் நுழைந்ததும் மூக்கில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. புழுங்கலுக்கு நெல் ஊறப்போடுகிற தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஊறின தண்ணீர் நாட்பட்டுப் புளித்து, நுரைத்து, வாய்க்காலால் வழிந்து முற்றத்தின் மூலையில் தேங்கிக் கிடந்தது. செத்த எலியையும் பழங்கஞ்சியையும் ஒன்றாகச் சேர்த்து வைத்த மாதிரி ஒரு நாற்றம். யாக்கோப்பு தோளில் கிடந்த துவாயை எடுத்து மூக்கில் வைத்தான். தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் இருந்து மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடராசா கணக்குப் பார்க்கிற கந்தோரில் இருந்து இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"வரவேண்டாம் எண்டு பெடியன் சொன்னவனெல்லோ?"

"சொன்னவர் முதலாளி. அண்டைக்கு நடந்தது என்ர பிழை. உட்பக்கம் பூசாமல் விட்டிட்டன். இப்ப பூசியிருக்கிறன். கொஞ்சம் மணக்குமெண்டு ஒராள் சொன்னவர். எனக்குத் தெரியேல்லை. நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

நடராசா அவன் முகத்தைப் பார்த்தார்.

"அதேன் துவாயைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

"இந்த மணம் முதலாளி..."

"எந்த மணம்?"

யாக்கோப்பு தொட்டிப் பக்கம் கையைக் காட்டினான். நடராசா திரும்பித் தொட்டியைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். நெல் ஊறுகிறது, அதில் என்ன என்கிற பார்வை. மூக்கை உயர்த்தி ஒருதரம் இழுத்தும் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு காருக்குப் போனார். கதவு விளிம்பில் மூக்கை வைத்தார். மட்காட்டுக்குள் குனிந்தார். பொனற்றைத் தூக்கச் சொன்னார். நெடுநேரம் சுற்றினார். கனகலிங்கத்தைக் கூப்பிட்டு அவனையும் மணக்கச் சொன்னார்.

"அண்டைக்கு நிண்டு நாறினது அப்பா" என்றான் கனகலிங்கம். "இண்டைக்கு ஒண்டும் தெரியேல்லை."

"சத்தியமாயோ?"

"நெல் மணம்தான் அடிக்குது. அது எப்பவும் அடிக்கிறதுதானே."

நடராசா பொனற்றில் சாய்ந்துகொண்டு யோசித்தார். கலியாண வீட்டில் சம்பந்திகளிடம் வாங்கின பேச்சு அவருக்கு இன்னும் ஆறவில்லை என்பது தெரிந்தது. ஆலையின் பழைய இரும்பு வண்டில் ஒன்று மதிலோரம் கறளில் மூழ்கிக் கிடந்தது. அதையும் ஒருதரம் பார்த்தார். விரல் நகத்தால் மட்காட்டைச் சுரண்டினார். கறுப்பு விட்டுக்கொடுக்கவில்லை.

"சபை சந்திக்கு இந்தக் கார் வேண்டாம். அந்த மனிசி உயிரோடை இருக்குமட்டும் நான் இதிலை பளைக்குப் போக ஏலாது. அது முடிஞ்ச கதை."

"ஓம் முதலாளி."

"ஆலை ஓட்டத்துக்கு வாரும். திங்கள் தொடக்கம்." பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "திங்கள் என்ன திங்கள். கிளிநொச்சியிலை ஒரு அலுவல் கிடக்கு. இப்பவே எடும்."

நடராசா முன் ஆசனத்தில் ஏறினார். வேட்டி, சால்வை, தலைமயிர், எல்லாவற்றிலும் ஊறல் தண்ணீரின் நாற்றம் அவரோடு காருக்குள் ஏறியது. யாக்கோப்பு மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு எஞ்சினை முடுக்கினான். வாசலைத் தாண்டி றோட்டுக்கு வந்ததும், முதலாளி பார்க்காத நேரமாகத் தன் பக்கத்துக் கண்ணாடியை மெல்ல இறக்கிவிட்டான்.